தேயிலை மலை யார் கைக்குப் போக வேண்டும்: நாள் சம்பளமா, செடிப் பங்கீடா, கம்பனிப் பங்கா, சொந்தக் காணியா?

2045இல் இலங்கைப் பெருந்தோட்டக் கம்பனிகளின் காணிக் குத்தகை முடிகிறது. அதற்கு இன்னும் எவ்வளவோ வருடம் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் தேயிலைக்கு அது பெரிய காலமே இல்லை. இன்று பழைய செடியைப் பிடுங்கி, மண் தேற இரண்டு வருடம் புல் வளர்த்து, அப்புறம் புதிதாக நட்டால் ஒழுங்காகக் கொழுந்து எடுக்கவே ஐந்தாறு வருடம் ஆகிவிடும், போட்ட முதல் திரும்ப அதற்கும் மேலே. குத்தகை முடியப்போகிற காணியில் எந்தக் கம்பனி இனி அக்கறையாக நடும்? அதனால் இந்தக் காணியை என்ன செய்வது என்ற முடிவை 2045 வரை தள்ளிப்போட முடியாது. இப்போதே எடுக்க வேண்டும், ஏற்கெனவே சில தோட்டங்களில் அரைகுறையாக எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

பலர் இந்த மலைகள் கம்பனிகளுக்குச் சொந்தம் என்று நினைக்கிறார்கள். இல்லை, அரசாங்கத்துக்குச் சொந்தம். 1840இல் ஆங்கில ஆட்சி ஒரு கட்டளைச் சட்டம் போட்டு, உறுதி, அதாவது காணிக்கான உரிமைப் பத்திரம், காட்ட முடியாத காடும் தரிசும் ஆங்கில முடியரசுக்கு உரியது என்றது. அந்தக் காணி முதலில் கோப்பிக்குப் போனது, கோப்பி நோயில் அழிந்ததும் தேயிலைக்குப் போனது. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது, 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசு எடுத்துக்கொண்டது. நட்டம் தாங்க முடியாமல் 1992இல் நிர்வாகத்தைத் தனியாரிடம் கொடுத்து, பிறகு அதை 53 வருடக் குத்தகையாக்கினார்கள். இத்தனை தடவை கைமாறியும் கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தேயிலை மலையில் ஒரு பேர்ச்சும் வரவில்லை. 2015க்குப் பிறகு வந்த 7 பேர்ச், அப்புறம் பேசப்பட்ட 10 பேர்ச் எல்லாம் வீடு கட்டத்தான். 10 பேர்ச் என்றால் 2,722 சதுர அடி, அதில் பயிர் வைத்துப் பிழைக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கப் போனபோது தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள்; டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். 1948 குடியுரிமைச் சட்டத்தால் அந்த மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்ததால், அங்கேயே பிறந்து வேலை செய்தவர்களை ஒதுக்கிவிட்டுக் காணி பிரிக்க முடிந்தது. மலையகத்தில் மூத்தவர்களிடம் காணிச் சீர்திருத்தம் என்று சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பதற்கு இதுதான் காரணம், அந்தச் சந்தேகம் நியாயமானது.

சரி, இப்போது முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. இருக்கிறபடியே நாள் சம்பளம். காணி கம்பனியிடமே இருக்க, செடியை மட்டும் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. தொழிலாளர்களைக் கம்பனியில் பங்குதாரர் ஆக்குவது. காணியையே உறுதியோடு கொடுப்பது. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நான்காவதன் பக்கம், ஆனால் தொழிற்சாலையில் பங்கு இல்லாமல் காணி மட்டும் கிடைத்தால் அது பாதி வழிதான் என்று நினைக்கிறேன்.

நாள் சம்பளத்தில் தொடங்குவோம். 2021இல் ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350, அப்புறம் 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 சம்பளமும் அரசாங்கம் தரும் 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு உயர்வுக்கும் மாதக்கணக்கில் போராட்டம், கம்பனிகளின் வழக்கு, அமைச்சர்களின் வாக்குறுதி. ஆனால் அறிவிக்கிற தொகை வேறு, கைக்கு வருகிற தொகை வேறு. தோட்டம் குறித்த கிலோ பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர். வெயில் காலத்தில் கொழுந்து வராது, செடியின் கிளைகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதம் ஒன்றுமே வராது, ஆனால் கிலோக் கணக்கு மட்டும் அப்படியே நிற்கும். நிறுவை இடத்தில் ஈரத்துக்கென்று, சாக்குக்கென்று சில கிலோ கழிப்பார்கள். காலையிலிருந்து அட்டைக்கடியோடு சரிவில் நின்று பறித்தவர் தராசைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

அதற்காக இந்த முறையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். பிரசவ விடுமுறை உண்டு, பிள்ளைக் காப்பகம் உண்டு, சந்தை விழுந்தாலும் அன்றைக்குப் பறித்ததற்குக் கூலி உண்டு. வேலைக்காலம் முடிந்து கைக்கு வருகிற அந்தச் சேமலாப நிதிக் காசுதான் பல குடும்பங்கள் வாழ்நாளில் பார்க்கிற ஒரே பெரிய தொகை. இதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறவர்கள் பதிலுக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்காமல் நகரக் கூடாது.

இரண்டாவது வழி, அவுட்குரோவர் என்று தோட்டங்களில் பேசப்படுவது, கம்பனிகளுக்கு மிகவும் பிடித்தது. ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள், அவர்கள் களை எடுத்து, பசளை போட்டு, பறித்துக் கம்பனித் தொழிற்சாலைக்கே கொடுக்க வேண்டும், கிலோவுக்குக் காசு. கேட்க நன்றாக இருக்கிறது, சில இடங்களில் நாள் சம்பளத்தை விடக் கூடுதலாக எடுக்கவும் செய்கிறார்கள், வேளைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விலை நல்ல வருடத்தில் இதை விரும்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தெற்கில், காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் சொந்தக் காணி வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் தன் கொழுந்தைத் தனியார் தொழிற்சாலைக்கு விற்கும்போது, விற்ற தேயிலையின் விலையில் 68 சதவீதம் அவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்று விதிமுறை இருக்கிறது. கொழும்பு ஏலத்தில் கிலோ 1,200 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 68 சதவீதம் 816 ரூபாய். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், ஆக கொழுந்துக்குக் கிலோ 170 ரூபாய் சுற்றி நிற்கும். இருபது கிலோ பறித்தால் 3,400 ரூபாய். பசளை, கவ்வாத்து, லொறிக் கூலி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும், அதனால் அதை முழுசாகச் சம்பளத்தோடு ஒப்பிட முடியாது, இருந்தாலும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரிகிறதல்லவா? தோட்டத்தில் செடிப் பங்கீடு எடுத்தவருக்கு அந்த 68 சதவீதம் என்ற கணக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பசளைக்கும் மருந்துக்கும் கம்பனி முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் கழிக்கிற இடத்தில், அந்தக் கழிவைச் சரிபார்க்கிறவர் யார்? வேறு தொழிற்சாலைக்குக் கொழுந்தைக் கொண்டுபோக முடியுமா? முடியாது என்றால் அது விற்பனை அல்ல, கூலியை வேறு பெயரில் கொடுப்பது. காணி உறுதி இல்லாததால் வங்கியில் கடன் கேட்க முடியாது. செடியை நன்றாக வளர்த்துவிட்டால் அடுத்த வருடம் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வேலை நாளாகக் கணக்கு வைக்காத நாட்களுக்குச் சேமலாப நிதியும் இல்லாமல் போகிறது. மழை, வரட்சி, விலைச் சரிவு ஆகிய மூன்று அபாயத்தையும் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டுச் சொத்தை மட்டும் கம்பனி வைத்துக்கொள்கிறது. நான்கில் மோசமானது இதுதான் என்பேன், நாள் சம்பளத்தை விடவும்.

மூன்றாவது வழிக்குக் கேரளாவின் மூணாறைப் பார்க்க வேண்டும். 2005இல் டாடா டீ அங்கே தோட்டங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து விலகி, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற கம்பனியை உருவாக்கியது. பெரும்பான்மைப் பங்கு தொழிலாளர்களும் ஊழியர்களும் சேர்ந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. தொழிலாளர்களே முதலாளிகள் என்று ஊரெல்லாம் பேசினார்கள். பத்து வருடம் கழித்து, 2015 செப்டம்பரில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான அதே பங்குதாரர்கள், போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்து மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயரில் நடந்த அந்தப் போராட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே விடவில்லை. கடைசியில் போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கினார்கள். கையில் பங்குப் பத்திரம் இருந்தும், கம்பனி என்ன முடிவெடுக்கிறது என்பதில் அவர்களுக்கு ஒரு சொல் கூட இருக்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. காணி, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு இரண்டும் அவர்கள் பெயரில் இல்லை. ஓய்வு பெற்றால் வீட்டை விட்டு இறங்க வேண்டும்.

இந்த வழியின் நல்ல முகம் மலேசியாவில் இருக்கிறது. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பியபோது, தமிழ்த் தொழிலாளர்கள் வேலையும் வீடும் ஒன்றாக இழந்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (அந்த நாட்டுக் காசு) போடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று கேட்டு, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது, பிறகு இன்னும் பல. அன்றாடம் கூலிக்குப் பால் வெட்டியவர்கள் சேர்த்த பத்து பத்து வெள்ளியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்க முடிந்தது என்பது எனக்கு இன்றைக்கும் மலைப்பாகத்தான் இருக்கிறது. அதே காலத்தில் அரசின் பெல்டா திட்டம் குடியேற்றக்காரர்களுக்குத் தலைக்குப் பத்து ஏக்கர் வரை கொடுத்தது, பெரும்பாலும் மலாய்க்காரர்களுக்கு. தோட்டத் தமிழர்கள் அந்த வரிசையில் மிகக் குறைவு. சங்கம் இல்லாமல் போயிருந்தால் அவர்களுக்குக் காணி என்று பேசவே ஒன்றும் இருந்திருக்காது. மூணாறில் பங்கு இருந்தது, நிலம் கைக்கு வரவில்லை. சம்பந்தனின் சங்கத்தில் நிலத்தையே வாங்கினார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இனி நான்காவது வழி, காணி உறுதி. காணியைச் சிறு துண்டாகப் பிரித்தால் ஏற்றுமதி விழுந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் முதலில் இலங்கையின் சொந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஏற்றுமதியில் வருடம் நூற்று முப்பது கோடி டாலர் சுற்றி வருகிற அந்தத் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தருவது பத்து ஏக்கருக்குக் கீழே வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள், பெரும்பாலோர் ஒரு ஏக்கர் கூட இல்லாதவர்கள். அவர்களிடம் இருப்பது வெட்டுத் துண்டில் வளர்த்த புது ரகச் செடி, கம்பனி மலைகளில் பல இடங்களில் இன்னும் நிற்பது நூறு வருட விதைச் செடி. நாலுக்கு இரண்டு அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 5,400 செடி நிற்க வேண்டும். கைவிட்ட மலையில் இறங்கிப் பாருங்கள், செடிக்கும் செடிக்கும் நடுவே மானாப்புல் ஆளுயரம் நிற்கும், அட்டை ஊரும், பாம்புக்கும் குளவிக்கும் பயந்து பெண்கள் உள்ளே போக மாட்டார்கள். சிறு துண்டால் உற்பத்தி குறையும் என்ற பேச்சுக்கு இந்த மலைகளே பதில்.

ஆனால் உறுதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நீலகிரி சாட்சி. அங்கே படகர் சமூகத்து விவசாயிகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொந்த நிலம் உண்டு, 1962இல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் உண்டு. சோவியத் சந்தை போன பிறகு, 1990களின் கடைசியில் பச்சைக் கொழுந்து விலை விழுந்தது விழுந்ததுதான், இன்றுவரை குறைந்தபட்ச விலை கேட்டு உண்ணாவிரதம் இருக்கிறார்கள். ஒரே வகைத் தேயிலை, ஒரே வகை வாங்குகிறவர்கள், தரம் பார்த்து விலை கொடுக்கிற பழக்கம் குறைவு. நிலம் சொந்தமாக இருக்கிறது, விலை மட்டும் வேறு எங்கோ முடிவாகிறது.

கென்யா கொஞ்சம் வேறு. 1954இல் ஆங்கிலேயர் ஸ்வினர்ட்டன் திட்டத்தின்படி ஆப்பிரிக்க விவசாயிகளுக்குத் தனி உறுதியும் பணப்பயிர் வைக்கும் அனுமதியும் கொடுத்தார்கள், தங்கள் ஆட்சிக்கு எதிரான மௌ மௌ கிளர்ச்சியை அடக்குகிற காலத்தில். ஆட்சிக்கு விசுவாசமானவர்களுக்கு நல்ல காணி, போராளிகளுக்குச் சிறை. அந்த அநியாயத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு, 1964இல் கென்ய தேயிலை வளர்ச்சி ஆணையம் என்று ஒன்றை அமைத்துச் செய்த காரியம்தான் முக்கியம். நாற்று, பசளைக் கடன், கொழுந்து சேகரிக்கும் லொறி, தொழிற்சாலை எல்லாவற்றையும் அது ஒரே கையால் செய்தது, அப்புறம் படிப்படியாகத் தொழிற்சாலைகளின் பங்கை விவசாயிகளுக்கே மாற்றியது. இன்று ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் தருகிறார்கள், கொழுந்து கொடுக்கிற தொழிற்சாலைக் கம்பனியில் அவர்களே பங்குதாரர்கள். கொழுந்து போட்டதற்கு மாதா மாதம் ஒரு தொகை, வருட முடிவில் தேயிலை விற்ற கணக்கு முடிந்ததும் இன்னொரு தொகை, அதை அங்கே போனஸ் என்றே சொல்கிறார்கள். அந்த இரண்டாவது தொகைதான் விஷயம், தேயிலை ஏலத்தில் கூடுதலாகப் போனால் அந்தக் கூடுதல் கொழுந்து பறித்தவர் வீடு வரை வருகிறது. போனஸ் மாவட்டத்துக்கு மாவட்டம் பெரிய வித்தியாசமாக இருக்கிறது, இயக்குநர்கள் மேல் புகார் இருக்கிறது, ஊர்வலமும் நடக்கிறது. இருந்தாலும் தொழிற்சாலை தங்களுடையது என்பதால்தான் அங்கே கணக்குக் கேட்கவே முடிகிறது.

இதில் மலையகத்தார் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கென்யாவின் கெரிச்சோ பகுதியில் ஃபின்லேஸ் நிறுவனத்தின் பெருந்தோட்டங்களை வாங்கியது இலங்கையின் பிரவுன்ஸ் நிறுவனம். அந்தக் கைமாற்றத்தில் 15 சதவீதப் பங்கை உள்ளூர் மக்களின் கூட்டுறவுக்கு விற்க ஒப்புக்கொண்டார்கள். தங்கள் பாட்டன் நிலம் பறிபோனதென்று கிப்சிகிஸ், தலாய் மக்கள் பல வருடம் விடாமல் கேட்டதால் வந்த நிலைமை அது. இலங்கை முதலாளி கென்யாவில் ஒப்புக்கொண்டதை இலங்கையில் பேசக் கூட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் யோசனை இதுதான். எல்லா மலையையும் ஒரே நாளில் பிரிக்க வேண்டாம். கம்பனிகள் கைவிட்ட, காடு மண்டிய காணிகளில் தொடங்கலாம், அதை எடுத்தால் யாருடைய உற்பத்தியும் குறையாது. மண்சரிவு அபாயம் உள்ள செங்குத்துச் சரிவுகளைத் தேயிலைக்கே கொடுக்கக் கூடாது, அங்கே மரம்தான் நிற்க வேண்டும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததைப் பார்த்த பிறகு இதில் விவாதத்துக்கு இடமில்லை. மிச்சக் காணியை, அந்தந்தத் தோட்டத்தில் வாழ்கிற குடும்பங்களுக்கு உறுதியோடு கொடுத்து, அவர்கள் கொழுந்து போகிற தொழிற்சாலையில் அவர்களுடைய கூட்டுறவுக்குப் பங்கு வைக்க வேண்டும். முதல் பத்துப் பதினைந்து வருடம் விற்கத் தடை இருக்கலாம், ஆனால் மறுநடுகைக்கு வங்கியில் ஈடு வைக்க வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நட முடியாது. 2021இல் இரசாயனப் பசளையை ஒரே அடியாகத் தடை செய்தபோது கையில் மிச்சம் இல்லாத சிறுதோட்டக்காரர்தான் முதலில் விழுந்தார், அதனால் விலை விழுந்தால் தாங்க ஒரு நிதியும் வேண்டும்.

உறுதி யார் பெயரில் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கொழுந்து பறிப்பது பெண்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு வரிசையில் ஆண்களுக்கே முன்னுரிமை இருந்தது, அதைத் திருத்த 2022 வரை ஆனது. கென்யாவிலும் பல வீடுகளில் பறிப்பது மனைவி, தொழிற்சாலைக் கணக்கு கணவன் பெயரில். மலையகத்தில் இருவர் பெயரிலும் எழுத வேண்டும், தனியாக வாழும் பெண்ணுக்குத் தனியாக எழுத வேண்டும்.

இதெல்லாம் நடக்க நாளாகும். அதற்குள் உங்கள் தோட்டத்தில் செடிப் பங்கீட்டுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தால், ஒப்பந்தத்தைத் தமிழில் எழுத்தில் கேளுங்கள், பேசிக் காட்டினால் போதாது. கிலோ விலை ஏல விலையோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, பசளைக் கழிவுக்கு ரசீது உண்டா, எத்தனை வருடத்துக்குச் செடி உங்களிடம் இருக்கும், இடையில் திருப்பி எடுத்தால் நீங்கள் நட்டதற்கு என்ன ஈடு, லயமும் சேமலாப நிதியும் என்ன ஆகும் என்பவை அதில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் கையெழுத்துப் போட வேண்டாம், நாள் சம்பளத்திலேயே இருந்துகொண்டு காணியைக் கேளுங்கள்.